அமெரிக்காவுக்குப் பார்சல்: தபால் நின்றது ஏன், கூரியர் ஓடியது எப்படி?

2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. கடிதம், ஆவணம், 100 டாலருக்கு உட்பட்ட பரிசுப் பொருள் ஆகியவற்றை மட்டும் முதலில் விட்டுவைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவையும் நின்றன. நாகர்கோவில் தலைமை அஞ்சலகமானாலும் சரி, குலசேகரத்துத் தபால் ஆபீசானாலும் சரி, அமெரிக்க முகவரி எழுதிய பெட்டிக்கு வழியில்லை. அக்டோபர் 15-இல்தான் சேவை மறுபடி தொடங்கியது.

அந்த ஏழு வாரமும் தனியார் கூரியர் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் பெட்டி எடுத்துக்கொண்டுதான் இருந்தன. கட்டணம் கூடியது, கேள்விகள் கூடின, ஆனாலும் பெட்டி போனது. இதைப் பார்த்துப் பலரும் வந்த முடிவு, 'கூரியரால் முடிகிறது, அரசாங்கத் தபாலால் முடியவில்லை' என்பது. பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளப் பார்சல் எப்படி எல்லை தாண்டுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து அனுப்பும் வீட்டுக்காரர்களுக்கும், வெளிநாட்டு ஆர்டரை நம்பி ஏத்தங்காய் சிப்ஸ் வறுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் இந்த விவரம் பணத்தைத் தொடும் விஷயம்.

800 டாலர் சலுகை என்றால் என்ன?

ஒரு நாட்டுக்குள் வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளுக்கும் சுங்க வரி உண்டு என்பது பொது விதி. ஆனால் 50 ரூபாய் வரி வசூலிக்க 500 ரூபாய் செலவாகும் என்றால் அந்த வசூலில் அர்த்தமில்லை. அதனால் பல நாடுகள் ஒரு கீழ் வரம்பு வைத்து, அதற்குக் குறைவான மதிப்புள்ள பார்சலை வரியில்லாமல் விட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் இது 1938-இல் 1 டாலர் வரம்போடு சட்டத்தில் நுழைந்தது. 1990-களில் 200 டாலர் ஆனது. 2016-இல் 800 டாலராக உயர்ந்தது. நம் கணக்கில் சுமார் 70,000 ரூபாய்.

70,000 ரூபாய்க்குள் எந்த வீட்டுப் பார்சலும் அடங்கிவிடும். ஆகவே பத்து வருடமாக நம்மூரிலிருந்து போன பெட்டிகளுக்கு அமெரிக்க வரி என்ற பேச்சே எழவில்லை. படிவத்தில் 'தின்பண்டம், துணி, மசாலாப் பொடி' என்று எழுதினால் போதுமாக இருந்தது.

இதே கதவு வழியாகத்தான் சீன இணையக் கடைகளும் நுழைந்தன. கப்பலில் மொத்தமாக இறக்கினால் வரி. அதையே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பினால் வரியில்லை. 2015-இல் சுமார் 13.9 கோடியாக இருந்த இத்தகைய பார்சல்கள் 2024 நிதியாண்டில் 136 கோடியைத் தாண்டின. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 40 லட்சம். அமெரிக்க உள்ளூர் வியாபாரிகளின் புகார் ஒருபக்கம், ஃபென்டனில் என்ற போதைப்பொருள் சிறு பார்சல்களில் ஒளிந்து வருகிறது என்ற குற்றச்சாட்டு மறுபக்கம். இரண்டும் சேர்ந்து சலுகையை முடித்துவைத்தன. 2025 மே 2-இல் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும், ஆகஸ்ட் 29-இல் மற்ற எல்லா நாடுகளுக்கும் கதவு சாத்தப்பட்டது.

நம்மூர்ப் பெட்டியைக் குறிவைத்து வந்த உத்தரவு இல்லை அது. ஆனால் 5 டாலர் சட்டை விற்கும் பெரிய இணையக் கடைக்கும் தக்கலையிலிருந்து கருப்பட்டி அனுப்பும் பாட்டிக்கும் ஒரே விதி என்று ஆகிவிட்டது.

எல்லை தாண்ட இரண்டு பாதைகள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தபாலும் கூரியரும் ஒரே வேலையைச் செய்வதாக நாம் நினைக்கிறோம். பெட்டியைச் சுமப்பதில் அது சரி. சுங்கத்தில் இரண்டும் வேறு வேறு.

தபால் வழி: நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் இயங்குவது. சர்வதேச அஞ்சல் ஒன்றியம் 1874-இல் உருவானது, தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், 192 நாடுகள் உறுப்பினர்கள். ஒரு நாட்டுத் தபால் துறை வாங்கிய பையை அடுத்த நாட்டுத் தபால் துறை ஏற்றுக்கொண்டு பட்டுவாடா செய்யும் என்பது அடிப்படை ஏற்பாடு. (குமரி மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இப்படிக் கைமாற்றுவது புதிதல்ல. திருவிதாங்கூர் அரசுக்கென்று தனி அஞ்சல் இருந்தது. 1951-இல்தான் அது இந்திய அஞ்சலோடு இணைந்தது.) இந்தப் பாதையில் நாகர்கோவிலில் வாங்கிய பெட்டியை இந்திய அஞ்சல் துறை விமானத்தில் ஏற்றும். அங்கே அமெரிக்கத் தபால் துறை வாங்கி, அந்நாட்டுச் சுங்கத்திடம் காட்டும். 2025 ஆகஸ்ட் வரை, வரி ஏதும் இருந்தால் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பெறுநரிடம் வசூல். இந்திய அஞ்சல் துறைக்கும் அமெரிக்கச் சுங்கத்துக்கும் நேரடிப் பணத் தொடர்பு இருந்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

கூரியர் வழி: டிஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற நிறுவனங்களுக்கு அமெரிக்காவில் உரிமம் பெற்ற சுங்கத் தரகர்கள் இருக்கிறார்கள். பெட்டி வானத்தில் இருக்கும்போதே அதற்குள் என்ன இருக்கிறது, எந்த நாட்டில் செய்தது, என்ன மதிப்பு, எந்தச் சுங்கக் குறியீடு (பொருளின் வகைக்கான எண்) என்ற தகவல் சுங்கத்தின் கணினிக்குப் போய்விடும். வரியைக் கூரியர் நிறுவனமே சுங்கத்துக்குக் கட்டிவிட்டு, அனுப்பியவரிடமோ பெறுபவரிடமோ பின்னால் வாங்கிக்கொள்ளும். பெட்டி சுமப்பதோடு வரி கட்டும் ஏற்பாட்டையும் அவர்கள் முன்பே வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 29-இல் உண்மையில் மாறியது எது?

வரி வந்தது என்பது செய்தித்தாள் தலைப்பு. அதைவிடப் பெரிய மாற்றம், அந்த வரியை யார் வசூலிப்பது என்பதில் நடந்தது. தபாலில் வரும் பொருளுக்கான வரியை, அதைச் சுமந்துவரும் விமான நிறுவனமோ அமெரிக்கச் சுங்கம் அங்கீகரித்த ஒரு தரப்போ வசூலித்துக் கட்ட வேண்டும் என்று உத்தரவு சொன்னது. அதற்குப் பிணைப்பத்திரம், தகவல் அமைப்பு, மாதாந்திரக் கணக்கு எல்லாம் வேண்டும். இதற்கான வழிகாட்டுதல் வந்தது ஆகஸ்ட் 15. அமல் ஆகஸ்ட் 29. நடுவில் இரண்டு வாரம்!

விமான நிறுவனங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வீட்டுப் பெட்டிகள் நிறைந்த தபால் பையை ஏற்றினால், அதிலுள்ள ஒவ்வொன்றின் வரிக்கும் தாங்கள் பொறுப்பாகும் அபாயம். யாரிடம் வாங்குவது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகவில்லை. ஆகஸ்ட் 25-க்குப் பிறகு தபால் பைகளை ஏற்க இயலாது என்று அவை கைவிரித்தன. இந்திய அஞ்சல் துறை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். ஊழியர்களின் சோம்பலோ, கவுண்டரின் குறையோ இல்லை.

இந்தியா மட்டும் நிறுத்தவும் இல்லை. 88 அஞ்சல் துறைகள் அமெரிக்கச் சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. அமெரிக்காவுக்குப் போகும் தபால் போக்குவரத்து ஆகஸ்ட் 29 அன்று, ஒரு வாரத்துக்கு முந்தைய நாளோடு ஒப்பிட்டால், 81 சதவீதம் சரிந்தது என்று சர்வதேச அஞ்சல் ஒன்றியம் தெரிவித்தது.

இரண்டு பாதைகளின் வேறுபாட்டுக்கு ஜெர்மனியே போதுமான சான்று. ஒரே குழுமத்தின் இரு கைகளில், ஜெர்மானியத் தபால் பார்சல் பிரிவு வணிகப் பார்சல்களை நிறுத்தியது. டிஎச்எல் எக்ஸ்பிரஸ் தொடர்ந்து ஓடியது. முதலாளி ஒருவர்தான். சுங்கப் பாதைதான் வேறு.

இந்திய அஞ்சல் துறை அக்டோபர் 15-இல் திரும்பி வந்ததும் இதே காரணத்தால்தான். அமெரிக்கச் சுங்கம் அங்கீகரித்த தரப்புகளோடு ஏற்பாடு செய்து, டெல்லி, மகாராஷ்டிர அஞ்சல் வட்டங்களில் சோதித்துப் பார்த்து, வரியை இங்கேயே கவுண்டரில் வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

வரியை யார், எப்போது கட்டுவது?

கவுண்டரில் இப்போது இரண்டு சொற்கள் அடிபடுகின்றன.

1. டெலிவர்டு டியூட்டி பெய்டு (டிடிபி): அனுப்புபவர் இங்கேயே வரியைக் கட்டிவிடுகிறார். பெறுபவர் கதவைத் திறந்து பெட்டியை வாங்கினால் போதும்.

2. டெலிவர்டு டியூட்டி அன்பெய்டு (டிடியு): வரி அங்கே பெறுபவர் தலையில். வரியோடு, பெறுநருக்காக முன்பணம் கட்டியதற்கும் சுங்க வேலை பார்த்ததற்கும் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் போடும்.

தபால் வழியில் 2025 அக்டோபரிலிருந்து டிடிபி முறைதான். இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா அப்போது போட்ட விகிதப்படி, அறிவித்த மதிப்பில் நேராக 50 சதவீதம். 6,000 ரூபாய்ப் பொருளுக்கு 3,000 ரூபாய் வரி. கேட்டால் தலை சுற்றும். ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கூரியர் வழியில் வருவதுபோல் பொருள்வாரி அடிப்படை வரி தபாலில் கூடுதலாகச் சேரவில்லை. வரி வசூல் ஏற்பாட்டுக்கென்று அஞ்சல் துறை தனிக் கட்டணமும் வாங்கவில்லை. கூரியரில் சுங்கச் சேவைக் கட்டணம் பெட்டியின் மதிப்பு குறைந்தால் அதே அளவில் குறையாது. 60,000 ரூபாய்ச் சரக்குக்கு அது சில்லறை, 2,000 ரூபாய்ப் பெட்டிக்கு அது சுமை. சிறு பார்சலுக்குத் தபாலைச் சாதாரணமாகக் கழித்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

50 சதவீதம் என்பது அன்றைய நிலவரம். அமெரிக்க வரி விகிதங்கள் மாதத்துக்கு மாதம் மாறும் காலம் இது. அனுப்பும் நாளன்று கவுண்டரில் கேட்கிற விகிதமே செல்லும். விகிதம் இறங்கினாலும் பழைய 800 டாலர் சலுகை திரும்பும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே அதை 2027 ஜூலை 1 முதல் நீக்குகிறது. அதாவது அதிபரின் உத்தரவுக்கு என்ன நேர்ந்தாலும் சட்டம் நிற்கும்.

குமரி மாவட்டத்தில் யாருக்கு என்ன?

வளைகுடாவுக்குப் பார்சல் அனுப்புகிறவர்களை இந்த மாற்றம் தொடவில்லை. அது வேறு நாடுகள், வேறு விதிகள். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களில் மூன்று விதமானவர்கள் உண்டு, மூவருக்கும் பாதிப்பு ஒன்றல்ல.

1. வீட்டிலிருந்து பரிசு அனுப்புகிறவர்கள். இவர்களுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் காசு வாங்காமல் அனுப்பும் உண்மையான பரிசு 100 டாலருக்குள், அதாவது சுமார் 9,000 ரூபாய்க்குள் இருந்தால் வரியில்லை. மதுவும் புகையிலையும் இதில் சேராது. ஒரே பெறுநருக்கு ஒரே நாளில் இந்த வரம்பு. 100-ஐத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, முழு மதிப்புக்கும் வரி விழும். மகள், மருமகன், பேரன் என்று மூன்று பேருக்கு ஒரே பெட்டியில் போட்டால், ஒவ்வொருவர் பொருளையும் தனியாகக் கட்டிப் பெயரும் மதிப்பும் எழுதி, படிவத்திலும் பிரித்துக் காட்ட வேண்டும்.

2. ஆர்டர் எடுத்து அனுப்பும் சிறு கடைகள். அடி இவர்களுக்குத்தான் பலமாக விழுந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பினால் அது பரிசு இல்லை. சிலர் 'பரிசு' என்று எழுதிச் சமாளிக்கலாம் என்கிறார்கள். பெட்டிக்குள் பில்லும் கடை ஸ்டிக்கரும் கிடக்கும்போது அது பொய்யறிக்கை. பெட்டி பறிமுதலாகலாம், அதைவிட, அதே முகவர் வழியாகப் போகும் மற்றவர்களின் பெட்டிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மதிப்பைக் குறைத்து எழுதுவதும் இதே வகைதான். நேர்மையாக அனுப்புகிறவர் விலையில் தோற்பதும், குறுக்கு வழிக்காரர் சில மாதம் ஜெயிப்பதும் நடக்கிறது. அது நியாயமில்லை, ஆனால் சிக்கினால் இழப்பு கடைக்காரருடையது, யோசனை சொன்னவருடையது அல்ல.

3. பெயர் பெற்ற சரக்கை வெளிநாட்டில் விற்க முயலும் உற்பத்தியாளர்கள். புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு, மார்த்தாண்டம் தேன், ஈத்தாமொழித் தேங்காய் என்று நம் மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளச் சரக்கு உண்டு. குறியீடு கிடைத்தபோது 'இனி இணையத்தில் நேரடியாக உலகத்துக்கு விற்கலாம்' என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை பெரிதும் சிறு பார்சலை நம்பியது. அரைக் கிலோ தேனைத் தனித்தனி வீடுகளுக்கு அனுப்புவது இப்போது லாபமாக வருவது கடினம். பலர் சேர்ந்து ஒரே இறக்குமதியாளருக்கு மொத்தமாக அனுப்பினால் கணக்கு மாறும். அதற்கு ஏற்றுமதியாளர் குறியீட்டு எண், ஆய்வுச் சான்று, குழு அமைப்பு எல்லாம் வேண்டும். அஞ்சல் துறை 2022 முதல் நடத்தும் அஞ்சல் ஏற்றுமதி மையங்களின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரிய வேண்டும். படிவம் நிரப்ப உதவுவதோடு நிற்காமல், சரியான சுங்கக் குறியீட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஆள் அங்கே இருந்தால் அருமனையிலிருந்து வருகிற தேன்காரருக்கும் நகரத்து ஏற்றுமதியாளருக்கும் இடையிலுள்ள தூரம் பாதியாகக் குறையும்.

சுங்கக் குறியீடு என்பதையும் சொல்லிவிடலாம். உலகில் உள்ள எல்லாப் பொருளுக்கும் எண் உண்டு. தேன் 0409, கிராம்பு 0907, மிளகு 0904. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு மாறும். 'தின்பண்டம்' என்று எழுதினால் சுங்கக் கணினிக்குப் புரியாது. 'வறுத்த நேந்திரங்காய்த் துண்டு, 1 கிலோ' என்று எழுத வேண்டும். அப்புறம், வரியை முடிவு செய்வது பொருள் எங்கிருந்து அனுப்பப்பட்டது என்பதல்ல, எங்கே செய்யப்பட்டது என்பது. வடசேரிக் கடையில் வாங்கிய பொம்மை சீனாவில் செய்ததாக இருந்தால் அது சீனப் பொருள்தான்.

தின்பண்டத்துக்குத் தனி விதி

வரி ஒருபுறம் இருக்க, உணவுப் பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி தனி. 2002-இல் வந்த சட்டப்படி, உணவு வந்து சேரும் முன் அந்தத் துறைக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். விற்பனைக்குச் செய்கிற நிறுவனம் அந்தத் துறையில் பதிவு செய்து, அமெரிக்காவில் ஒரு முகவரையும் வைத்திருக்க வேண்டும்.

இதில் வீடுகளுக்கு ஒரு விலக்கு உண்டு, பலருக்குத் தெரியாதது. ஒருவர் தன் வீட்டில் தானே செய்து, தானே தனிப்பட்ட பரிசாக அனுப்பும் உணவுக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. அம்மா உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து இந்த விலக்கில் வரும். கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பரிசாகவே போனாலும், இதில் வராது. ஆகவே வீட்டில் செய்ததையும் கடையில் வாங்கியதையும் படிவத்தில் ஒன்றாகக் கலந்து எழுதாமல் தனித்தனி வரிசையில் எழுதுவது நல்லது. இறைச்சி, விதை, பச்சைக் காய்கனி இவற்றைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

அமெரிக்காவோடு நிற்கவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரைக்கும் சுங்க வரி இல்லாமல் இருந்தது. 2026 ஜூலை 1 முதல் அத்தகைய சிறு பார்சல்களில் பொருள் ஒன்றுக்கு 3 யூரோ என்று உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. பிரிட்டன் தன் 135 பவுண்டு சலுகையை 2029 மார்ச்சுக்குள் எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

நாமும் இந்தப் பட்டியலில் முன்னோடிதான். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் போனது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. அதற்கும் காரணம் சீன இணையக் கடைகள் 'பரிசு' என்ற பெயரில் சரக்கு அனுப்பியதுதான். அந்த மாற்றத்தின் சுமையும் பிள்ளைகள் அனுப்பிய பெட்டிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் மேல் விழுந்தது.

பார்சல் நிறுவனங்கள் ஏன் திடீரென்று அரசியல் செய்தியில் அடிபடுகின்றன என்பதற்கு விடை இதில் இருக்கிறது. வரி போடும் உத்தரவு தலைநகரத்தில் பிறக்கிறது. அதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறைவேற்றுவது பார்சல் நிறுவனம். அரசாங்கங்கள் சுங்க வேலையின் பெரும்பகுதியை அவர்கள் தோளில் ஏற்றிவிட்டன. அந்தத் தோள் தயாராக இல்லாதபோது பெட்டிகள் தேங்கின. 2025 இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கிடங்குகளில் ஆவணக் குறைபாட்டால் பார்சல்கள் வாரக்கணக்கில் கிடந்ததும், சில அழிக்கப்பட்டதும் அங்கே பெரிய செய்தி ஆனது.

புக்கிங் செய்யும் முன் கேட்க வேண்டியவை

1. வரி இங்கேயா, அங்கேயா? இங்கே என்றால் ரசீதில் வரி தனியாகக் காட்டப்படுமா? 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று மொத்தத் தொகை சொல்லும் முகவரிடம் பிரித்துக் கேளுங்கள். வரியை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டால் பெறுநருக்கு மறுபடி பில் வரும்.

2. பெட்டி கடைசியில் எந்த நிறுவனத்தின் பெயரில் போகிறது? மாவட்டத்தில் பெட்டி வாங்கும் பல கடைகள் முகவர்கள் மட்டுமே. விமானத்தில் ஏற்றும் நிறுவனத்தின் கண்காணிப்பு எண் கையில் இல்லாமல் நகரக் கூடாது.

3. படிவத்தை யார் நிரப்புகிறார்கள்? முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. உள்ளே இருப்பது ஒன்று, எழுதியது இன்னொன்று என்று ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

4. 'சுங்க வரி பாக்கி, இந்த லிங்க்கில் கட்டுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் என்ன செய்வது? இப்போது வரி நிஜமாகவே இருப்பதால் மோசடிக்காரர்களின் செய்தியும் நிஜம்போலத் தெரிகிறது. லிங்க்கைத் தொடாமல், ரசீதில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் உறவினருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

5. பெறுபவர் வரி கட்ட மறுத்தால் பெட்டி என்னவாகும்? திரும்பி வருமா, அந்தச் செலவு யாருடையது, அல்லது அங்கேயே கைவிடப்படுமா? பெரும்பாலான புக்கிங் படிவங்களில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் அது வெறுமையாகவே விடப்படுகிறது. தபால் படிவத்திலும் 'பட்டுவாடா ஆகாவிட்டால்' என்ற இடம் உண்டு. அதை நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.